இருக்கியா என்று கேட்ட கை

அன்று அந்த வண்டிக்கடையில் இருந்தவர்கள் யார் யார் என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், மக்ளே. பின்னால் யாரும் நான் அங்கே இல்லை என்று வழுக்கிப் போகக் கூடாது. நீ இருந்தாய், தலைக்கவசத்தைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு. நான் இருந்தேன், கண்ணாடிக் கதவுக்கு எதிரே கிடந்த பஞ்சு நாற்காலியில். உன் மகள் ஷைனி புது வண்டியின் மேல் ஏறியிருந்து தன்னைத்தானே படம் பிடித்துக்கொண்டிருந்தாள். உன் அண்ணன் ஜெபராஜ், ஆராதனைக்கு வந்தவன் போல வெள்ளை வேட்டியில் கைகட்டி நின்றான். அவன் பெண்டாட்டி கிளாடிஸ் அவனுக்கு ஓரடி பின்னால், எப்போதும் நிற்கிற இடத்தில். பிறகு வண்டி விற்கிற பையன், சட்டைப்பையில் விஜின் என்று பெயர் குத்தியவன். வேறு ஆள் இல்லை.

போன வாரம் ஷைனி அதே கடையிலிருந்து புது வண்டியின் படப்புத்தகம் ஒன்று கொண்டுவந்தாள். விரித்ததும் அந்த வாசம் வந்தது. குளிர் மெஷினுக்குப் பக்கத்தில் ஒரு டப்பா, ஆள் தொடாமலே செத்த நேரத்துக்கு ஒருமுறை புஸ்ஸென்று மல்லிகை செண்டு அடிக்குமே, அந்த வாசம். தோவாளைப் பூச்சந்தையைத் தாண்டித் தாண்டியே கிழவியானவள் நான். அது மல்லிகை இல்லை. செத்துப்போன மல்லிகையின் ஆவி. மூக்கில் ஏறின உடனே, நீ அன்றைக்குப் பேனாவை மூடிய 'டிக்' சத்தம் என் காதுக்குப் பக்கத்தில் கேட்டது. திரும்பிப் பார்த்தேன். அறையில் நான் மட்டும்தான்.

நான் அஞ்சாம் வகுப்போடு நின்றவள். வேதாகமத்தை எழுத்துக்கூட்டி வாசித்து வாசித்துத்தான் எழுதவே வந்தது. பிழை இருந்தால் நீ திருத்திக்கொள். நீ போன பிறகும் என்னைத் திருத்துவதை விட்டுவிட்டாய் என்று நான் நம்பவில்லை.

ஷைனி கேட்ட காரியம் இதுதான்: உன் பழைய வண்டியைக் கொடுத்துவிட்டு, நீ அன்று எடுக்காமல் வந்த வண்டியை, அதிலும் இப்போது வந்திருக்கிற புதுசை, எடுக்கலாமா என்று. "அம்மாச்சி சரின்னு சொன்னாத்தான்" என்று ஒரே வார்த்தையில் பாரத்தை என் தலையில் இறக்கிவிட்டாள். அவளும் உன்னைப் போலத்தான். கேட்பது போலக் கேட்பாள். பதிலை முன்னமே கையில் வைத்திருப்பாள்.

குவைத்து ஆஸ்பத்திரியில் உன் காலத்தையெல்லாம் கொடுத்துவிட்டு, மாப்பிள்ளையையும் அங்கேயே மண்ணில் வைத்துவிட்டு நீ திரும்பி வந்தபோது, வீடு கட்டுவாய் என்று ஊர் பார்த்தது. நீ வண்டி வாங்கினாய். மலையிலும் ஏறும், மணலிலும் இறங்கும் என்று சொல்லி, ஒட்டகம் மாதிரி உயரமாக ஒன்று. முதல் நாளே என்னைப் பார்த்து, "எம்மா, ஏறு" என்றாய். ஏறினேன். பிறகு இறங்கவே இல்லை என்று சொல்லலாம். தனுஷ்கோடி, மூணாறு, கோவா, ஹம்பி. பெட்ரோல் பங்க்கில் எல்லாம் நம்மைப் பார்த்துச் சிரித்தார்கள். நம் சபைச் சாராள் மட்டும் சிரிக்கவில்லை. "இந்த வயசுல பின்னால குத்த வச்சிருக்கா பாரு, வெக்கமில்லாம" என்றாள். ஆலய வாசலில், நான் செருப்பு மாட்டும்போது. அவள் பேத்தி இப்போது புல்லட்டில் போகிறது. நான் ஒன்றும் கேட்கவில்லை. கேட்காமல் வைத்திருக்கிறேன்.

அந்த வண்டிக்கு நீ கெழவி என்று பேர் வைத்தாய். "ஒரு கெழவி மேல இன்னொரு கெழவிய ஏத்திட்டுப் போறேன், நடுவுல கெடந்து நசுங்குறது நானாக்கும்" என்பாய். ஆனால் பின்சீட்டில் எப்படி இருக்க வேண்டும் என்று நீ சொல்லித்தந்தது போல யாரும் யாருக்கும் சொல்லித்தந்திருக்க மாட்டார்கள். ஆனி பிறந்துவிட்டால் ஆரல்வாய்மொழிக் கணவாயில் காற்று, மலையைக் கிழித்துக்கொண்டு வருமே. காற்றாலைக் காத்தாடிகள் எல்லாம் ஒரே பக்கம் முகத்தை வைத்துக்கொண்டு சுற்றும். அங்கே நுழைகிற முன் நீ சொல்வாய்: "காத்துக்குச் சாயணும்மா. எதுத்து நிக்கப்படாது." நீ சாய்ந்தால் நான் சாய்வேன். நான் பயந்து நிமிர்ந்தால் வண்டி தடம் மாறும்.

அந்தக் காற்றில் பேச்சுக் கேட்காது. காதுக்குள் மாட்டுகிற கருவி ஒன்று வாங்கித் தந்தாய். அது எனக்குள் யாரோ குடியிருப்பது போலப் பேசியது, கழற்றி எறிந்தேன். அதனால் நமக்கு ஒரு பாஷை. கணவாயின் வாயில் நுழைந்ததும் இடது கையைப் பின்னால் நீட்டி, என் இடது முழங்காலில் இரண்டு தட்டுத் தட்டுவாய். இருக்கியா? நான் உன் இடுப்பில் இரண்டு தட்டுவேன். இருக்கேன். அவ்வளவுதான். ஆஸ்பத்திரியில் மருந்துக் குப்பி உடைந்து நரம்பு அறுந்ததிலிருந்து உன் இடது ஆள்காட்டி விரல் மடங்காது, விறைத்து மேலே நிற்கும். அதனால் என் முழங்காலில் மற்ற மூன்று விரல்தான் படும். இதை நான் யாரிடமும் சொன்னதில்லை. சொல்ல வேண்டிய விஷயம் என்று தோன்றியதில்லை. உன் மகளிடம்கூட.

கெழவிக்கு ஒரு கேடு இருந்தது. முன்பிரேக்கை அமுக்கிப் பிடித்தால் சக்கரம் பூட்டிக்கொள்ளும். மணல் கிடந்தால் அப்படியே இழுத்து அடிக்கும். உன் மெக்கானிக் எத்தனையோ செய்து பார்த்தான். "அந்தக் காலத்து வண்டிக்கு இது இப்படித்தான் ஆச்சி, புதுசுலதான் ஏபிஎஸ் வருது" என்றான். அதனால்தான் நாம் எல்லோரும் அன்று கடைக்குப் போனோம். விஜின் பையன் விளக்கினான். நீ எவ்வளவு இறுக்கிப் பிடித்தாலும் சக்கரத்தைப் பூட்ட விடாமல் உள்ளே ஒரு மூளை விட்டுவிட்டுப் பிடிக்குமாம். "எம்மா, இது போதும். மத்ததெல்லாம் சும்மா மினுக்கு" என்று நீ என் காதில் சொன்னாய். நான் பின்சீட்டை அமுக்கிப் பார்த்தேன். கெழவியினுடையதைவிடக் கட்டி, ஆனால் அகலம். பிடித்துக்கொள்ள இரண்டு பக்கமும் கம்பி. "கொள்ளாம், நல்லாத்தான் இருக்கு" என்றேன். நீ பேனாவைத் திறந்தாய்.

அப்போதுதான் கிளாடிஸ் தும்மினாள். ஒற்றைத் தும்மல்.

நாம் சபைக்காரர்கள். பூனை குறுக்கே போனாலும் போவோம், விதவை எதிரே வந்தாலும் போவோம். வீட்டிலேயே நாம் இரண்டு விதவைகள். ஆனால் அந்தத் தும்மலுக்கு எல்லோரும் நின்றோம். நீயும் நின்றாய். இரண்டாவது வருமா என்று. ஒற்றை என்றால் தடை, இரட்டை என்றால் நல்லது என்று நம் ரத்தத்தில் கிடக்கிற கணக்கு, ஞானஸ்நானத் தண்ணீரில் அது கழுவிப் போகவில்லை. டப்பா புஸ்ஸென்றது. இரண்டாவது தும்மல் வரவில்லை.

ஜெபராஜ்தான் வாயைத் திறந்தான். "நமக்கு இதுலெல்லாம் விசுவாசம் கெடையாது. இருந்தாலும்..." என்று இழுத்தான். "ஆனி ஆடிக் காத்து அடங்கட்டும் மக்கா. ஆவணியில எடுத்துக்கிடலாம். கடை எங்க ஓடிப்போகுது?"

நீ சிரித்தாய். "மயினி மூக்கு நமக்கு பிரேக் போட்டாச்சு" என்று சொல்லிப் பேனாவை மூடினாய். விஜின் பையன் முகம் தொங்கிப் போனது. கிளாடிஸ் கண்ணெல்லாம் நிறைந்து நின்றாள்.

ஆடியில் நீ போனாய். திருநெல்வேலியில் சிநேகிதி வீட்டில் நிச்சயதார்த்தம். எனக்கு முழங்கால் நீர் கோத்து வீங்கியிருந்தது. "நீ இரு, நான் போய்ட்டு வாறேன்" என்றாய். முப்பந்தலைத் தாண்டவில்லை.

அடக்கம் முடிந்து வீடு ஆறுவதற்குள் ஒரு பொம்பளை தேடி வந்தாள். ஆடு மேய்க்கிறவள், பேர் இசக்கி. உள்ளே வரமாட்டேன் என்று முற்றத்திலேயே நின்றாள். அவள் சொன்னதை அவள் வாயாலேயே எழுதுகிறேன், ஒரு சொல் நான் கூட்டவில்லை.

"வண்டி வரும்போதே பார்த்தேம்மா. அந்தக் காத்துல அந்தப் புள்ள ஒரு கைய விட்டிச்சு. பின்னால நீட்டி, சீட்டுல ரெண்டு தட்டு தட்டிச்சு. ஆளு இருந்தாத் தட்டுத மாரியே. நானும் ஆளு இருக்குன்னு பார்த்தேன். ஆளு இல்ல. அப்பந்தான் எங்க ஆட்டுக்குட்டி குறுக்க பாய்ஞ்சிச்சு."

அந்த நொடியில் கைப்பிடியில் ஒரு கைதான் இருந்தது உனக்கு. அது வலது கை. வலது கையில் முன்பிரேக். பூட்டிக்கொள்கிற பிரேக்.

இசக்கியை நான் மன்னித்தேன். தேடி வந்து, தன் ஆட்டைத் தானே காட்டிக்கொடுத்தவள். ஆட்டையும் மன்னித்தேன். என் முழங்காலையும் நான் குற்றம் சொல்லவில்லை. வீங்குவது அதன் இஷ்டம். கிளாடிஸின் மூக்கைத்தான் மன்னிக்க முடியவில்லை. சிரிப்பாய், தெரியும். ஆனால் யோசித்துப் பார், அந்தப் பேனா மூடாமல் இருந்திருந்தால்? அன்றிலிருந்து அவள் கையால் நான் ஒரு வாய்த் தண்ணீர் குடிக்கவில்லை. கிறிஸ்துமஸுக்கு அவள் கொடுத்தனுப்பிய அச்சுமுறுக்கு வந்த தூக்குவாளியிலேயே திரும்பிப் போனது. மனத்தாங்கலோடு திருவிருந்து அப்பம் எடுக்கக் கூடாது என்று போதகர் வாசிப்பாரே, அந்த இடம் வரும்போது நான் பெஞ்சிலேயே இருந்துவிடுவேன். மற்றவர்கள் எழுந்து போவார்கள். என் முழங்காலை நினைத்து எல்லோரும் பரிதாபப்பட்டார்கள். நான் திருத்தவில்லை.

உன் மெக்கானிக் கெழவியை நிமிர்த்திக் கொண்டுவந்து போர்ட்டிகோவில் நிறுத்தினான். அதன் மேல் சாம்பல் நிறத்தில் ஒரு உறை. காற்றடித்தால் உள்ளே யாரோ மூச்சு விடுவது போல அது எழுந்து அமரும். ஷைனி ஓட்டிவிட்டு நிறுத்தி இரண்டு நாள் கழித்து உறையை எடுத்துப் பார்த்தால் டாங்கில் தூசி, கண்ணாடியில் தூசி, முன்சீட்டில் தூசி. பின்சீட்டில் மட்டும் இருக்காது. நான் இருந்து இருந்து வழுவழுத்த இடம் அப்படியே பளபளக்கும். "பூனை ஏறிப் படுத்திருக்கும் அம்மாச்சி" என்றாள் ஷைனி. நம் தெருவில் பூனை கிடையாது. நான் அந்தச் சீட்டில் கையை வைத்துக்கொண்டு நிற்பேன். நீ அதற்குள் இருக்கிறாய் என்று எனக்கு நிச்சயமாகத் தோன்றியது. உனக்கு வேறு எங்கே போகத் தெரியும்?

ஆகவே ஷைனி கேட்டதும் நான் ஒரே பேச்சாகச் சொன்னேன்: "கெழவிய குடுக்க நான் சம்மதிக்க மாட்டேன். உங்கம்மை அதுக்குள்ள இருக்கா."

அவள் கோபப்படவில்லை. திருவனந்தபுரத்தில் கம்ப்யூட்டர் வேலை, வெள்ளிக்கிழமை ஆனால் களியக்காவிளை பஸ்ஸில் நெருக்குப்பட்டு வந்து, சனிக்கிழமை விடிந்தால் கெழவியை எடுத்துக்கொண்டு அதே கணவாய்க்குத்தான் போவாள். போகாதே என்று சொல்லிப் பார்த்துவிட்டேன். நீ பெற்றது, கேட்குமா? அன்று அவள் என் பக்கத்தில் வந்திருந்து, மிகவும் மெதுவாகச் சொன்னாள்.

"அம்மாச்சி, நான் வண்டிய விடமாட்டேன். அது உங்களுக்கும் தெரியும். ஆனா கெழவியில ஏறினா எனக்கு முன்பிரேக்கைத் தொடவே பயம். விரல் மரத்துப் போகுது. அந்த இடம் வந்தா, எனக்கு முன்னால யாரோ அதை அமுக்குற மாதிரி இருக்கு."

இறந்தவளை வீட்டில் வைத்துக்கொள்ள இருக்கிறவளைக் கொடுத்துவிடுவேனோ? ஆனாலும் உன்னை எப்படி ஒரு கடைக்காரனிடம் சாவியோடு சேர்த்துக் கொடுப்பேன்?

"ரெண்டு வண்டியிலயும் என்னைக் கணவாய்க்குக் கூட்டிட்டுப் போ. அதுக்கப்புறம் சொல்லுதேன்" என்றேன்.

"உங்க முட்டு தாங்குமா?"

"என் முட்டுக்குத்தான் பார்க்க வேண்டியிருக்கு. நீ வண்டிய எடு."

முதலில் கெழவி. காலை வெயில். ஏறும்போதே என் கால் தானாக அதன் இடத்தைக் கண்டுபிடித்தது. தோவாளை தாண்டினோம். மலை இரண்டு பக்கமும் ஒதுங்கி நிற்கிற இடம் வந்தது. காற்று பிடித்தது. நான் காத்திருந்தேன், மக்ளே. வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், இடது முழங்காலைக் கொஞ்சம் முன்னால் தள்ளிக்கூட வைத்தேன், உனக்கு எட்டட்டும் என்று. ஷைனியின் கை வரவில்லை. அது வராது, அவளுக்குத் தெரியாது. உன் கையும் வரவில்லை. கெழவி கிடுகிடுவென்று ஆடிக்கொண்டு போனது. அது வெறும் இரும்பாக இருந்தது. உறைக்குள் மூச்சு விட்டது வெறும் காற்று. முப்பந்தலில் வண்டியை நிறுத்தியபோது நான் அழுதுகொண்டிருந்தேன். முழங்கால் வலி என்று ஷைனி தைலம் தேய்த்தாள்.

பிறகு கடைக்குப் போய், ஓட்டிப் பார்க்கிறதற்கு என்று வைத்திருக்கிற புது வண்டியை வாங்கினோம். அதே விஜின் பையன், இப்போது மீசை வைத்திருக்கிறான். என்னைப் பார்த்ததும் எழுந்து நின்றான். உன்னைப் பற்றிக் கேட்கவில்லை. கேள்விப்பட்டிருப்பான்.

அந்த வண்டி எனக்குப் பிடிக்கவில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். சத்தமே இல்லை. பின்னால் வந்து நிற்பது தெரியாமல் நிற்கிற ஆளைப் போல. முன்னால் ஒரு கண்ணாடித் திரை, அதில் தானாக எழுத்து வரும், போகும். சீட்டில் என் அடையாளம் எதுவும் கிடையாது. யாருக்கும் சொந்தமில்லாத வண்டி, யார் யாரோ ஏறி இறங்கின வண்டி. பெரிய காற்றுத்தடுப்பு இருந்ததால் கணவாய்க்குள் நுழைந்தபோது காற்று இரண்டாகப் பிளந்து எங்களுக்கு இரு புறமும் போனது. நடுவில் ஒரு அமைதி. காத்தாடி இறக்கைகளின் நிழல் ரோட்டில் ஒன்றன்பின் ஒன்றாக வந்து எங்களை வெட்டி வெட்டிப் போயிற்று. அந்த அமைதிக்குள் நான் ஒன்றையும் எதிர்பார்க்கவில்லை. ஷைனி எவ்வளவு குனிந்து ஓட்டுகிறாள் என்று யோசித்துக்கொண்டிருந்தேன்.

என் இடது முழங்காலில் இரண்டு தட்டு விழுந்தது.

மூன்று விரல்.

எனக்கு யோசிக்க நேரமில்லை. கை தானாகப் போய் ஷைனியின் இடுப்பில் இரண்டு தட்டியது. இருக்கேன். அவள் வண்டியை ஓரம் கட்டினாள்.

"என்ன அம்மாச்சி? எதுக்கு நிறுத்தச் சொன்னீங்க?"

"நான் எங்க நிறுத்தச் சொன்னேன்? நீதானே கேட்டே?"

"நான் என்ன கேட்டேன்?"

"முட்டுல தட்டினியே, இருக்கியான்னு."

அவள் தலைக்கவசத்தைக் கழற்றினாள். முகம் வெளுத்திருந்தது. "அம்மாச்சி, இந்தக் காத்துல ஆராவது கைய விடுவாவளா? ரெண்டு கையும் ஹேண்டில்ல இருந்திச்சு."

சொன்னவள் சும்மா இருக்கவில்லை. படித்தவள் அல்லவா. வார் ஏதாவது பறந்து அடித்ததா என்று வண்டியைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தாள். தன் சட்டையின் நாடாவைத் தேடினாள். அந்தச் சட்டைக்கு நாடா இல்லை. பை இல்லை, கயிறு இல்லை. என் சேலை முந்தானையை நான் இடுப்பில் செருகியிருந்தேன். கடைசியில், "காத்தாத்தான் இருக்கும்" என்றாள். "ஆமா, காத்தாத்தான் இருக்கும்" என்றேன் நானும். காற்றுக்கு ஆள்காட்டி விரல் விறைத்திருக்குமா என்று நான் அவளிடம் கேட்கவில்லை.

ரோட்டோரத்தில் நின்றபடி நான் யோசித்தது ஒன்றுதான். செத்தவள் நீ. இருக்கிறவள் நான். நீ என்னைப் பார்த்து இருக்கியா என்று கேட்கிறாயே, அப்படியானால் இருப்பது எந்தப் பக்கம்? அதுவும் கெழவியில் கேட்கவில்லை, உனக்குக் கிடைக்காமல் போன வண்டியில் கேட்கிறாய். அந்தப் புது வண்டியில் நீ எப்போதோ ஏறிவிட்டாய். நான்தான் போர்ட்டிகோவில் ஒரு இரும்பைக் காவல் காத்துக்கொண்டு நின்றிருக்கிறேன்.

"எடு மக்கா. இதையே எடு" என்றேன். ஷைனி என்னைக் கட்டிப்பிடித்தாள்.

இதோடு கடிதம் முடிந்திருக்கும். சனிக்கிழமை பணம் கட்டி வண்டியைப் பதிவது என்று பேச்சு. வெள்ளிக்கிழமை மத்தியானம் நான் அடுக்களையில் சாளை மீன் கழுவிக்கொண்டிருந்தேன். பின்வாசலில் நிழல் தட்டியது. கிளாடிஸ். முன்வாசல் வழியாக வர அவளுக்கு இன்னும் தைரியம் வரவில்லை.

"மாமி, நாளைக்குக் கடைக்கு நான் வரல்ல. அதச் சொல்லிட்டுப் போலாம்னு வந்தேன்."

"ஏன், உன் மூக்கு வரமாட்டேன்னு சொல்லிச்சோ?" என்றேன். விடுவேனா?

அவள் வழக்கம்போலத் தலையைக் குனிந்து போகவில்லை. நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"மாமி, நீங்க என்னை என்ன வேணும்னாலும் சொல்லுங்க. ஆனா அன்னைக்கு எனக்கு ரெண்டாவது தும்மல் வந்திச்சு."

"என்னட்டி சொல்லுதே?"

"வந்திச்சு மாமி. அந்த செண்டு எனக்கு ஆவாது. ரெண்டாவது மூக்கு நுனி வரைக்கும் வந்திச்சு. அவரு திரும்பி என்னை ஒரு பார்வை பார்த்தாரு. கைக்குட்டைய எடுத்துத் துடைக்கிற மாரி என் மூக்கைப் பிடிச்சாரு. விடவே இல்ல. உள்ளயே போச்சு. கண்ணு ரெண்டும் நிறைஞ்சிட்டு."

என் ஞாபகத்தைப் பற்றி உனக்குத் தெரியும். அந்தக் கைக்குட்டை எனக்குள் இருந்தது, மக்ளே. நீலக் கட்டம் போட்டது. உன் அண்ணன் குனிந்து பெண்டாட்டியின் மூக்கைத் துடைத்துவிடுகிறான், பரவாயில்லையே, இவனுக்கும் பாசம் இருக்கிறதே என்று நினைத்து, அதை ஒரு நல்ல காரியமாக மடித்து வைத்திருந்தேன். இவ்வளவு காலம் பாசம் என்று வைத்திருந்தேன்.

"இத ஏன் நீ முன்னயே சொல்லல்ல?"

"அவரு என் மாப்பிள்ளை மாமி. நீங்க என்னை வெறுத்தா வீடு நிக்கும். உங்க மகனை வெறுத்தா வீடு நிக்காதுன்னு நெனச்சேன்." பிறகு, "இப்ப ஷைனி அதே ரோட்டுல போறா. இனி என்னால வாய மூடிட்டு இருக்க முடியாது" என்றாள்.

மீன் செதிள் ஒட்டின கையைக் கழுவினேன். அவளை உள்ளே வரச் சொன்னேன். சாளைக்கு மசாலா அரைத்தவள் அவள்தான். அவள் பொரித்து வைத்ததை அவள் முன்னாலேயே தின்றேன். உப்புக் கூடுதல். சொல்லவில்லை.

சாயந்திரம் உன் அண்ணன் வந்தான். நான் சுற்றி வளைக்கவில்லை. "அன்னைக்கு உன் பெஞ்சாதி மூக்கை எதுக்குப் பிடிச்சே?" என்று கேட்டேன். அவனுக்கு உடனே புரிந்துவிட்டது. அதுதான் எனக்குத் தாங்கவில்லை. என்ன, ஏது என்று ஒரு வார்த்தை கேட்டிருந்தாலும் நான் கொஞ்சம் இளகியிருப்பேன்.

"எம்மா, ஊரு பேசிச்சு. சபையில எல்லாரும் என்கிட்டல்லா கேட்டாவ, உன் தங்கச்சி இப்ப எந்த மலையிலன்னு. புது வண்டி எடுத்தா இன்னும் தூரம் போவா, உன்னையும் தூக்கிட்டுப் போவான்னு பயந்தேன். கொஞ்ச நாள் தள்ளிப் போட்டா மனசு மாறும்னு நெனச்சேன். இப்பிடி ஆகும்னு நான் கண்டேனா?" மூக்கைச் சிந்தினான். கைக்குட்டையை எடுத்தான். என் முகத்தைப் பார்த்துவிட்டு மறுபடி பைக்குள் வைத்துக்கொண்டான்.

அவன் சொன்னது பொய் இல்லை. பயந்திருப்பான். ஆனால் பயந்தவன் வாயால் சொல்ல வேண்டும். வேண்டாம் என்று உன்னிடம் நேரே சொல்லியிருந்தால் நீ அவனோடு சண்டை போட்டுவிட்டுக் கையெழுத்தும் போட்டிருப்பாய். அது அவனுக்குத் தெரியும். அதனால்தான் தான் நம்பாத சகுனத்தைப் பிடித்துக்கொண்டு, அதையும் பாதியில் நெரித்து, உன்னை நிறுத்தினான். நம்பிச் செய்திருந்தால்கூட அறியாமை என்று விட்டிருப்பேன்.

காபி போட்டுக் கொடுத்தேன். குடித்துவிட்டு, "மன்னிச்சிரும்மா" என்றான். "டம்ளரை அங்க வை" என்றேன்.

வண்டி பதிந்தாயிற்று. ஷைனி கையெழுத்துப் போடும்போது யாரும் யாருடைய மூக்கையும் பார்க்கவில்லை. கெழவியை ஓட்டிக்கொண்டு போக ஆள் வந்தபோது நான் வெளியே போய்ப் பார்க்கவும் இல்லை. புதியதில் பின்சீட்டைக் கொஞ்சம் தாழ்த்தித் தருவதாக விஜின் பையன் சொல்லியிருக்கிறான். முதல் ஓட்டம் எங்கே என்று ஷைனி கேட்கிறாள். உனக்குத் தெரியும் எங்கே என்று.

ஞாயிற்றுக்கிழமை திருவிருந்து. கிளாடிஸ் என் கையைப் பிடித்து எழுப்பினாள். நான் எழுந்திருக்கவில்லை. அவள் ஒன்றும் புரியாமல் என் முகத்தைப் பார்த்தாள். "உன்மேல ஒண்ணுமில்லட்டி, நீ போ" என்று அனுப்பிவிட்டு, இடது முழங்காலில் கையை வைத்துக்கொண்டு பெஞ்சிலேயே இருந்தேன். உன் மூன்று விரல் பட்ட இடம் இப்போதும் மற்ற இடத்தைவிடக் கொஞ்சம் குளிர்ந்திருக்கிறது. தைலம் போட்டாலும் சூடு பிடிப்பதில்லை. அதை நான் சாகும்வரை கொண்டுபோவேன். கூடவே இன்னொன்றையும் கொண்டுபோவேன், அதையும் உன்னிடம் மறைக்க வேண்டியதில்லை. அப்பமும் திராட்சரசமும் எனக்கு இனி இல்லாமல் போனாலும் போகட்டும். நான் மன்னிக்காதவன் முன்வரிசையில் முழங்காலிட்டுக் கைநீட்டிக்கொண்டிருந்தான்: என் வயிற்றில் முதலில் பிறந்தவன், உன் அண்ணன், ஜெபராஜ்.